தகாதோரியில் ஒரு கருவியும் ஓர் ஆலயமும்

ஜப்பானின் துறைமுக நகரமான கோபேயின் மேற்கே தகாதோரி என்றொரு பகுதி உண்டு. செயற்கைத் தோல் காலணிகள் தைக்கும் சிறு பட்டறைகளும், ஒன்றையொன்று உரசி நிற்கும் பழைய மரவீடுகளும் நிறைந்த எளியோர் குடியிருப்பு அது. கொரிய வழியினரும், வியட்நாமிலிருந்து அகதிகளாய் வந்தோரும் அங்கே உழைத்து வாழ்ந்தனர். ஞாயிறுதோறும் அவர்கள் கூடிச் செபிக்க ஒரு கத்தோலிக்க ஆலயம் இருந்தது. நடந்துபோகும் தொலைவில் ஓர் இரயில் நிலையம். அந்நிலையத்தில் இரயில்வே நிறுவனம் ஒரு நில அதிர்வுப் பதிவுக் கருவியை வைத்திருந்தது.

1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள், பொழுது விடியும் முன் 5 மணி 46 நிமிடத்திற்கு நிலம் குலுங்கியது. அதைத் தொடர்ந்து மூண்ட தீ ஆலயத்தை விழுங்கிற்று. கருவியோ, தன் காலடியில் நிலம் செய்ததை நொடி பிசகாமல் பதிந்துவைத்தது. ‘தகாதோரிப் பதிவு’ எனப்படும் அந்தக் கோடு இன்று உலகெங்கும் நிலநடுக்கப் பொறியியல் பயில்வோரின் மேசையில் இருக்கிறது. புதிதாய் வரையப்படும் பாலமோ மருத்துவமனையோ தாங்குமா என்று பார்க்க, கணிப்பொறியில் அந்தக் காலைப்பொழுதை மீண்டும் மீண்டும் ஓடவிடுகிறார்கள். அந்தக் கோட்டில் அப்படி என்ன இருந்தது? அதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நிலநடுக்கத்தை மனிதன் அளந்த வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. தொலைவில் நடந்ததை அவன் முதலில் நன்றாக அளந்தான்; அருகில் நடந்ததை நெடுங்காலம் அளக்கவே இல்லை. 1889ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் நேர்ந்த ஒரு நடுக்கத்தின் அலைகளை, பூமியின் மறுபுறத்தில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் இருந்த நுண்கருவி ஒன்று பதிந்தது. அத்தகைய கருவிகள் மெல்லிய செவி படைத்தவை. உலகின் மறுகோடியில் எழும் முணுமுணுப்பும் அவற்றுக்குக் கேட்கும். ஆனால் காதருகே இடி விழுந்தால் செவி என்ன செய்யும்? அருகில் பெருநடுக்கம் வந்தால் அவற்றின் ஊசி தாளை விட்டு வெளியே ஓடிவிடும். எனவே வீடுகள் இடிந்த இடத்தில் நிலம் எப்படி அசைந்தது என்பது எவருக்கும் தெரியாமலே இருந்தது.

வலுவான அதிர்வைத் தாங்கிப் பதிவதற்கென்றே செய்த கருவிகளை அமெரிக்க அரசு 1932இல் கலிபோர்னியாவில் நிறுவத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் 10ஆம் நாள் லாங் பீச் நகரத்தை உலுக்கிய நடுக்கத்தில் அவற்றுக்கு முதல் பதிவுகள் கிடைத்தன. 1940ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் எல் சென்ட்ரோ என்னும் ஊரில் கிடைத்த பதிவே புகழ்பெற்றது. புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிலம் பக்கவாட்டில் உந்தப்பட்டிருந்தது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும் என்று அரை நிமிட அளவு நீண்ட ஆட்டம் அது. கருவி இருந்த இடம் நிலப்பிளவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு, கட்டடப் பொறியாளர்களுக்கு நிலநடுக்கம் என்றாலே எல் சென்ட்ரோதான். ஊஞ்சலை யாரோ சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே இருப்பதுபோல, அதிர்வு கட்டடத்தைச் சேர்த்துச் சேர்த்து ஆட்டுகிறது என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த ஆட்டத்தைத் தாங்கும்படி தூண்களை அமைத்தார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்த சான்று அவ்வளவே.

நிலப்பிளவு என்றேன், அதைச் சற்று விளக்கவேண்டும். பூமியின் மேலோட்டுப் பாறை இரு பாளங்களாக வெடித்து, ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் முகமே நிலப்பிளவு. நூற்றாண்டுக் கணக்கில் உராய்வால் பூட்டுண்டு கிடந்த இரு பாளங்களும் ஒருநாள் பூட்டு விட்டு நழுவுகின்றன. அந்த நழுவலே நடுக்கத்தின் பிறப்பிடம்.

அந்தப் பிறப்பிடத்தின் வாசலிலேயே ஒரு கருவி முதன்முதலாக நின்றது 1966ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டு அருகே, சான் ஆண்ட்ரியாஸ் பிளவிலிருந்து வெறும் 80 மீட்டரில் அது வைக்கப்பட்டிருந்தது. அது பதிந்த அளவு புவியீர்ப்பில் பாதி. அதுவரை கண்டிராத எண். ஆயினும் கோட்டின் வடிவம் எல் சென்ட்ரோவைப் போல இல்லை. நிலம் பிளவுக்குக் குறுக்காக ஒரே ஒரு பெரும் வீச்சில் சென்று மீண்டது, அவ்வளவுதான். சுற்றியிருந்த சிறு மரவீடுகளுக்குக் குறிப்பிடத்தக்க சேதமும் இல்லை. எண் பெரிது, அழிவு சிறிது. இதைக் கண்டோர் ஆறுதலடைந்தனர். குறுகிய நேரமே நீடிக்கும் ஒற்றை வீச்சு கட்டடத்தை ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

ஐந்தாண்டுகள் கழியவில்லை. 1971 பிப்ரவரி 9ஆம் நாள் காலை 6 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடக்கே சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு அதிர்ந்தது. அளவுகோலில் 6.6, உலக வரலாற்றில் பெரிதென்று சொல்ல இயலாத நடுக்கம். பிரான்சிஸ்கன் துறவியர் 1797இல் நிறுவிய மறைபரப்புத் தளத்தின் பழைய ஆலயம் பழுதடைந்து, பின்னர் இடிக்கப்பட்டு, 1974இல் அதே வடிவில் மீண்டும் எழுந்தது. 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முன்னாள் படைவீரர்களுக்கான பழைய மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்த நோயாளிகள். பழைய கட்டடம் விழுந்ததை யாரும் புதிராகக் கொள்ளவில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்ட ஆலிவ் வியூ மருத்துவமனை, அன்றைய விதிகளின்படி வலுவாகக் கட்டப்பட்டது. அதன் கீழ்த்தளத் தூண்கள் அனைத்தும் ஒரே பக்கமாக அரை மீட்டருக்கும் மேல் சாய்ந்து நின்றன. மாடிப்படிக் கோபுரங்கள் கட்டடத்தை விட்டுப் பிரிந்து சரிந்தன. பின்னர் முழுவதையும் இடித்துத் தள்ளவேண்டியதாயிற்று.

அன்று அருகிலிருந்த பகோய்மா அணையின் மேலே, ஒரு பாறை முகட்டில் இருந்த கருவி, புவியீர்ப்பையே விஞ்சிய முடுக்கத்தைப் பதிந்திருந்தது. பலர் நம்பவில்லை. பாறை முகடு மிகைப்படுத்தியிருக்கும் என்றனர். முகட்டில் வெடிப்பு இருந்தது என்றனர். அறிஞர் உலகிலும் நம்ப விரும்பாத சாட்சியை முதலில் குறுக்கு விசாரணை செய்வது வழக்கம்தான். எல்லோரும் அந்தப் பெரிய எண்ணைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருக்க, அர்ஜென்டினாவில் பிறந்து பெர்க்லியில் ஆசிரியராய் விளங்கிய வித்தெல்மோ பெர்த்தெரோவும் அவருடைய துணையாளர்களும் வேறொன்றைக் கவனித்தார்கள். மருத்துவமனையைச் சாய்த்தது அந்த உச்ச எண் அன்று. அதற்கு முன்னே கோட்டில் தெரிந்த, நீண்ட, மெதுவான ஓர் உந்தல் என்று 1978இல் அவர்கள் காட்டினார்கள். வேகமாக வந்துபோகும் கூர்முனை கட்டடத்தை அதிரச் செய்யும். ஆனால் தள்ளிவிட அதற்கு நேரம் போதாது. ஒரு நொடி, இரண்டு நொடி என விடாமல் ஒரே திசையில் தள்ளும் உந்தலோ, நிற்பவன் காலடியில் கிடக்கும் பாயை ஒரே இழுப்பில் இழுப்பதைப் போன்றது. பார்க்ஃபீல்டின் குட்டை வீடுகள் பாயோடு சேர்ந்து நகர்ந்துவிட்டன. உயர்ந்து, நெகிழ்ந்து நின்ற மருத்துவமனையின் மேற்தளங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, அடித்தளம் மட்டும் நகர்ந்துபோயிற்று.

இத்தகைய உந்தல் எங்கிருந்து வருகிறது? இதற்கான விடையை ஹியூகோ பெனியாஃப் என்னும் அறிஞர் 1955இலேயே குறிப்பாகச் சொல்லியிருந்தார். பிளவு முழுவதும் ஒரே கணத்தில் நழுவுவதில்லை. துணி கிழிவதுபோல ஒரு முனையில் தொடங்கி மறுமுனை நோக்கிக் கிழிந்துகொண்டே போகிறது. அந்தக் கிழிசல் நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஓடுகிறது. அதிலிருந்து புறப்படும் அழிவு அலைகளும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் செல்கின்றன. ஓர் ஊரை நோக்கி ஒருவர் நடந்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மைலிலும் நின்று ஓர் ஆள் வழியாக அவ்வூருக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். ஆளும் அவரைப்போலவே நடப்பவனானால், எல்லாக் கடிதங்களும் அவரும் ஒரே வேளையில் ஊருக்குள் நுழைவார்கள். அவர் விட்டுச்சென்ற ஊருக்கோ கடிதங்கள் ஒவ்வொன்றாக, நாள்கணக்கில் வந்துகொண்டிருக்கும். கிழிசல் எந்த ஊரை நோக்கி ஓடுகிறதோ அந்த ஊரில், பல கிலோமீட்டர் நீளப் பிளவு வெளியிட்ட ஆற்றல் முழுவதும் ஓரிரு நொடிகளில் வந்து குவிகிறது. பின்னால் உள்ள ஊரில் நெடுநேரம் நிலம் ஆடும். ஆனால் தளர்வாக ஆடும். இன்னொரு வியப்பு: செங்குத்தான பிளவின் இரு கரைகளும் பிளவின் போக்கிலேயே நழுவுகின்றன, ஆனால் குவிந்து வரும் உந்தலோ பிளவுக்குக் குறுக்காக அடிக்கிறது. பார்க்ஃபீல்டின் கருவி 1966இல் எழுதிக் காட்டியது இதைத்தான்.

1979 அக்டோபரில் எல் சென்ட்ரோவின் அருகிலிருந்த அதே பிளவு மீண்டும் நழுவியது. இம்முறை பிளவுக்குக் குறுக்கே வரிசையாகக் கருவிகள் காத்திருந்தன. பிளவை ஒட்டியிருந்தவற்றில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்திற்கும் மேற்பட்ட உந்தல் தெளிவாகப் பதிந்திருந்தது. ஐயத்துக்கு இனி இடமில்லை. ஆயினும் ஆய்வேட்டில் ஏறிய உண்மை கட்டட விதியில் ஏறுவதற்குள் இன்னும் பலர் சாகவேண்டியிருந்தது. 1994 சனவரி 17ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் பகுதி நடுங்கியது. இரும்புச் சட்டகக் கட்டடங்களின் பற்றவைப்புகள் விரிசல் கண்டன. அதன்பின்தான் 1997ஆம் ஆண்டின் அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பு, பிளவிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் கட்டுவோர் கூடுதல் வலுவுக்கு வழிசெய்யவேண்டும் என்று விதித்தது.

நார்த்ரிட்ஜின் சரிந்த பாலங்களைக் கண்ட ஜப்பானியப் பொறியாளர் பலரிடம், தம் நாட்டுக் கட்டுமானம் இதைவிட வலுவானது என்ற நம்பிக்கை இருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, அதே சனவரி 17ஆம் நாள், கோபே.

கிழிசல் தொடங்கியது அகாஷி நீரிணையின் அடியில். அங்கிருந்து அது இரு புறமும் ஓடிற்று: தென்மேற்கே அவாஜித் தீவுக்குள், வடகிழக்கே கோபே நகரத்தின் அடியில். நகரம் கிழிசலின் பாதையிலேயே, அது ஓடிவரும் திசையிலேயே கிடந்தது. வலுவான ஆட்டம் பத்துப் பதினைந்து நொடிகளுக்குள் முடிந்துவிட்டது. நகரத்தின் வானிலை நிலையக் கருவி புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கைப் பதிந்தது. தகாதோரி நிலையத்தின் கருவி பத்தில் ஆறு பங்கையே பதிந்தது. எண்ணை மட்டும் பார்ப்பவர் தகாதோரி தப்பியது என்பார். ஆனால் தகாதோரியின் மென்மண் மீது உந்தல்கள் நொடிக்கு 1.2 மீட்டருக்கும் மேலான வேகத்தில், ஒவ்வொன்றும் ஒன்று இரண்டு நொடி நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பழைய மரவீடுகளின் மேலே கனமான ஓட்டுக்கூரை. கீழே போதிய சுவரில்லாத தளம். முதல் தள்ளலில் மூட்டுகள் தளர்கின்றன. தளர்ந்த வீடு முன்னைவிட மெதுவாக ஆடத் தொடங்குகிறது. அந்த மெதுவான ஆட்டத்துக்குப் பொருந்தும் தாளத்தில் அடுத்த உந்தல் வந்து சேர்கிறது. வீட்டில் உறங்கியவர்கள் எழுந்து கதவை அடையவும் நேரமில்லை. அந்நடுக்கத்தில் மாண்டோர் தொகை 6,434. நேரடியாக இறந்தவர்களுள் பெரும்பாலோர் தம் வீட்டின் கூரைக்கடியில் நசுங்கியும் மூச்சடைத்தும் இறந்தவர்களே.

அழிவு நகரெங்கும் ஒரே சீராக இல்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமும் இருபது கிலோமீட்டர் நீளமுமாக ஒரு பட்டை போல அது விழுந்திருந்தது. பிளவு மலையடிவாரத்தை ஒட்டிச் செல்ல, பட்டையோ சற்றுத் தெற்கே விலகிக் கிடந்தது. மலைப்பாறையின் விளிம்பில் வளைந்து வந்த அலையும், கீழிருந்து வண்டல்மண் வழியே மேலேறிய அலையும் அந்த இடத்தில் சந்தித்து ஒன்றையொன்று பெருக்கின என்று அறிஞர் பின்னர் விளக்கினர். தெருவின் இப்பக்கம் நின்றது, அப்பக்கம் விழுந்தது என்றால் அதற்கு மண்ணுக்கடியில் ஒரு காரணம் இருந்தது.

அவாஜித் தீவிலோ வேறொரு காட்சி. அங்கே நோஜிமாப் பிளவு தரையைக் கிழித்து வெளிப்பட்டது. வயல்வரப்பும் பாதையும் வேலியும் ஒன்றரை இரண்டு மீட்டர் விலகிப்போயின. பிளவை ஒட்டியே நின்ற உறுதியான வீடு ஒன்றின் சுற்றுமதில் அறுந்து நகர்ந்தது. வீடு மட்டும் விழவில்லை. இன்று அது அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. நீரிணையின் மேல் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த அகாஷிப் பெரும்பாலத்தின் இரு கோபுரங்களும் ஏறத்தாழ ஒரு மீட்டர் விலகிவிட்டன. 1,990 மீட்டராக வரையப்பட்ட நடுவிடைவெளி 1,991 மீட்டராயிற்று. பொறியாளர்கள் வரைபடத்தைத் திருத்தி வேலையைத் தொடர்ந்தார்கள். பிளவின் அருகே நிலம் ஆடி அடங்குவதோடு நிற்பதில்லை; போன இடத்திலேயே தங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இந்த நிலைத்த பெயர்ச்சியைக் கருவிகளே நேராகப் பதிந்தது தைவானில். 1999 செப்டம்பர் 21ஆம் நாள் நள்ளிரவு கடந்து 1 மணி 47 நிமிடத்துக்கு அத்தீவின் நடுப்பகுதி அதிர்ந்தது. அளவு 7.6, மாண்டோர் 2,400க்கும் மேல். தைவான் அரசு அதற்கு முந்தைய ஆண்டுகளில்தான் அறுநூற்றுக்கும் மேற்பட்ட நவீனக் கருவிகளைத் தீவெங்கும் நிறுவி முடித்திருந்தது. அந்த முன்யோசனைக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. செலுங்பூப் பிளவின் வடமுனையில், ஷிகாங் அருகே, நிலம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் சென்று, பல மீட்டர் தள்ளிப் போய் நின்றது. அங்கிருந்த அணையின் ஒரு பகுதி மறுபகுதியைவிட 7 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிட்டது. வூஃபெங் ஊரின் பள்ளி விளையாட்டுத் திடலில் ஓடுபாதை நடுவே இரண்டரை மீட்டர் சுவரொன்று எழுந்தாற்போல் நிலம் மேலெழுந்தது. ஆனால் வேகமும் பெயர்ச்சியும் மிகுந்த அந்த வடபகுதியில் முடுக்கம் புவியீர்ப்பில் பாதியளவே. பெயர்ச்சி குறைந்த தென்பகுதியிலோ அது இருமடங்கு. உச்ச முடுக்கம் என்னும் ஒற்றை எண்ணைக் கொண்டு நடுக்கத்தை எடைபோட்ட பழைய வழக்கத்துக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் ஒருமுறை கருவி அருகில் இருந்தது. 1967 டிசம்பர் 11ஆம் நாள் மகாராட்டிரத்தின் கொய்னா அணைக்குள் இருந்த கருவி, புவியீர்ப்பில் பாதியைத் தாண்டிய அதிர்வைப் பதிந்தது. அணைகளின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வுகளில் அப்பதிவு இன்றும் பயன்படுகிறது. ஆனால் 1993இல் லாத்தூரில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டபோதும், 2001இல் குஜராத்தின் கச்சுப் பகுதி நொறுங்கியபோதும் நடுக்கத்தின் மையத்தருகே அத்தகைய சாட்சி எதுவும் இல்லை. கச்சின் அதிர்வுக்கு நம்மிடம் உள்ள நல்ல பதிவு 200 கிலோமீட்டருக்கு அப்பால், அகமதாபாத்திலிருந்து வந்தது. தொலைவிலிருந்து கேட்ட செய்தியை வைத்து அருகில் நடந்ததை ஊகிக்கும் பழைய நிலைதான்.

2025 மார்ச் 28ஆம் நாள் மியான்மரில் சகாயிங் பிளவு நழுவியபோது, பிளவின் ஓரத்தில் காவலுக்கு வைத்திருந்த ஒரு சாதாரண ஒளிப்படக் கருவி அதைக் கண்டது. எதிர்க்கரை நிலம் இரண்டரை மீட்டர் தூரம், 1.3 நொடியில், ஒரே தள்ளலாகப் பெயர்ந்து போவதை அதில் பார்க்கலாம். கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை அளந்து, நழுவலின் உச்ச வேகம் நொடிக்கு 3 மீட்டருக்கும் மேல் என்று கண்டனர். அறுபது ஆண்டுகளாகக் கோடுகளிலிருந்து ஊகித்த ஒன்றை, தேநீர் குடித்துக்கொண்டே எவரும் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

மீண்டும் தகாதோரிக்கு வருவோம். தீ எரித்த ஆலயத்தில் கைகளை விரித்து நின்ற இயேசுவின் சிலை மட்டும் எஞ்சியது. பங்குத்தந்தை ஹிரோஷி காண்டா வெட்டவெளியில், நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்த மக்கள் நடுவே திருப்பலி நிறைவேற்றினார். அங்கே வந்த கட்டடக் கலைஞர் ஷிகேரு பான், தாளால் ஆன குழாய்களைக் கொண்டு ஓர் ஆலயம் எழுப்பித் தருவதாகச் சொன்னார். தீயில் கருகிய இடத்தில் தாளிலா என்று பங்குத்தந்தை முதலில் தயங்கினார். பான் விடவில்லை. 160 தன்னார்வலர்கள் ஐந்தே வாரங்களில் 58 தாள் குழாய்களை நிறுத்தி அதைக் கட்டி முடித்தனர். நடுக்கத்தின் விசை கட்டடத்தின் எடையோடு சேர்ந்தே பெருகும் என்பதை நினைத்தால், கனத்த ஓட்டுக்கூரைகள் கொன்ற ஊரில் தாள் அவ்வளவு பேதைமையான தேர்வன்று என்பது விளங்கும்.

சில காலத்துக்கென்று கட்டிய அந்த ஆலயம் பத்தாண்டுகள் நின்றது. 2005இல் அதைப் பிரித்து, கடல் கடந்து தைவானுக்கு அனுப்பினார்கள். 1999 நடுக்கத்தில் சிதைந்த பூலி நகருக்கு அருகே தாவ்மி என்னும் சிற்றூரில், 2008இல் அதே 58 குழாய்களோடு அது மீண்டும் எழுந்தது. தகாதோரியில் 2007இல் அதே பான் வடிவமைத்த நிலையான ஆலயம் கட்டப்பட்டது; தீக்குத் தப்பிய சிலை அதன் முற்றத்தில் நிற்கிறது.